தொப்பிக்கல் இருந்த சுவர்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் அளவுகளோ சூத்திரங்களோ இல்லை. அவையெல்லாம் உங்கள் கையிலிருக்கும் போனிலேயே கிடைக்கும். பழைய கட்டடத்தைப் பார்த்து, இது நிற்கும், இது நிற்காது என்று எழுதிக்கொடுப்பது நம் வேலை. முப்பது வருஷம் அதைச் செய்துவிட்டு, ஐம்பத்து நான்கு வயதில் போதும் என்று விலகிவிட்டேன். ஏன் சார் இவ்வளவு சீக்கிரம் என்று எல்லோரும் கேட்டீர்கள். ராயபுரத்துக் கல் வீட்டைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கே விளங்கும். சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு இன்னமும் உள்ளங்கை வியர்க்கிறது. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அப்படி ஒரு வீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை!

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு லைன் வீட்டின் கூரையைப் பார்க்கப் போனேன். உத்திரத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. சரக்கு ரயில் போகும்போது வீடே கிடுகிடுத்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆறு குடும்பங்களையும் அன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிட்டேன். கொட்டும் மழையில் சட்டி பானையோடு பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். மறுநாள் என் மேலதிகாரி வந்து உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார். மரம் காய்ந்து விட்ட வெடிப்பு, ஒன்றும் ஆகாது என்றார். திரும்பி வந்தவர்களில் ஒரு அம்மா என்னைப் பார்த்து, "இன்னா இஞ்சினீரு, வூடு வுழுந்துச்சா? எங்க அடுப்பு தான் நனைஞ்சுச்சு" என்றார். தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எனக்குப் பெயர் 'பேஜாரு இஞ்சினீரு'.

அந்தப் பெயர் வெகுகாலம் எனக்குள் உட்கார்ந்திருந்தது. சந்தேகம் வந்தாலும் உடனே வாயைத் திறக்கக் கூடாது என்று பழகிக்கொண்டேன். பல வருஷம் அதைப் பக்குவம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது கல் வீட்டுக்கு வருகிறேன்.

சென்னை செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த ஊர். நம் பக்கம் எந்தப் பழைய சுவரைச் சுரண்டினாலும் செங்கல்தான் தலைகாட்டும். கருங்கல் என்றால் வாசற்படி, தூணுக்கு அடி, அவ்வளவுதான். முழு வீட்டையும் கருங்கல்லில் எழுப்புவது இங்கே அபூர்வம். அப்படி ஒரு மாடி வீடு, துறைமுகத்துக்கு டிரெய்லர்கள் வரிசைகட்டிப் போகும் சாலையில், ஒரு கயிற்றுக் கடைக்கும் ஐஸ் கிடங்குக்கும் நடுவில் நிற்கிறது. நான் அதே பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். 'கல்லு வூடு' என்று எல்லோரும் சொல்வார்கள். கல் வீடு என்று தெரியாமலேயே அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். சின்ன வயதில் நான் பார்த்தது, தலைமுறை தலைமுறையாக அடித்த வெள்ளைதான். பிறகு வீட்டுக்காரர் மூத்த மகனின் கல்யாணத்துக்காக முன்சுவர் முழுக்க சிமெண்ட் பூசினார். அதோடு விட்டாரா? பூச்சின் மேல் கல் அடுக்கியதுபோலக் கோடு கிழித்து, சாம்பல் நிறமும் வெள்ளையுமாக வர்ணம் அடித்தார். கல்லு வீடு என்ற பெயருக்குப் பொருத்தமாகத்தான் கோடு கிழித்திருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். நிஜக் கல்லை மூடிவிட்டு அதன்மேல் பொய்க் கல்லை வரைந்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தோன்றும்!

எனக்கு அது தெரியவந்தது வேலையால் இல்லை, என் மகளால். சங்கவி எனக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே பெண். பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வீட்டு மூத்த மருமகள் நஸீமா மிஸ் கணக்கு டியூஷன் எடுப்பதாகச் சொன்னார்கள், சேர்த்துவிட்டேன். டியூஷன் முடியும்வரை எதிர்ப்பக்க டீக்கடையில் காத்துக்கொண்டு நிற்கும் தகப்பன் நான். "சங்கவி, உன் செக்யூரிட்டி வந்துட்டாருடி" என்று அவள் தோழிகள் சத்தமாகச் சொல்வார்கள். அவள் முறைப்பாள். நான் இன்னொரு டீ சொல்வேன்.

ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி அந்த வீட்டு ஜன்னலோரம் நின்றவன், சும்மா கையை ஜன்னல் திண்டில் நீட்டினேன். முழங்கைவரை போயும் சுவர் முடியவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டரை அடி சுவர்! பக்கத்துச் சந்தில் பூச்சு இல்லை என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். கருநீலக் கல், ஒன்றின்மேல் ஒன்று, நடுவில் கிளிஞ்சல் சுண்ணாம்பு. நனைந்த சட்டையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். கயிற்றுக் கடையிலிருந்து வெளியே வந்த வீட்டுக்காரர், "இன்னா சார், வூட்ட கண்ணு வெக்கிறீங்க?" என்றார். எல்லோரும் அவரைப் பெரிய பாய் என்பார்கள். கப்பலுக்குக் கயிறு விற்கும் குடும்பம், நான்கு தலைமுறையாக அதே தொழில்.

அன்றைக்கே என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். ஜன்னல்கள் வெளிப்பக்கம் குறுகலாகவும் உள்பக்கம் அகலமாகவும் விரிந்திருந்தன. வெயிலை வடிகட்டி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிற வித்தை. முன்வாசல், கூடம், பின்முற்றம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. முன்கதவைத் திறந்தால் கடல் காற்று முற்றத்துத் துணியை அசைத்தது. மேலே பர்மா தேக்கு உத்திரங்கள். அவற்றின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் டெரஸ். பகல் மூன்று மணிக்கும் கூடத்துக்குள் மண்பானைக் குளிர்ச்சி.

"எங்க தாதாவோட வாப்பா கப்பல்ல கொண்டாந்த கல்லு சார் இது. பாய்மரக் கப்பல் பாரமில்லாம வந்தா கவுந்துடும்னு சீமையில கல்லு ஏத்துவாங்க. இங்க எறக்கி வுட்டுட்டு சரக்கு ஏத்திகினு போவாங்க. அந்தக் கல்லு."

நான் சும்மா இருந்திருக்கலாம். கல்லின் ஓரத்தில் ஆப்பு அடித்துப் பிளந்த குழிகள் இருந்தன. பல்லாவரத்திலிருந்து கொண்டுவந்து காசிமேட்டில் கடலுக்குள் கொட்டியிருக்கும் பாறைகளிலும் அதே குழி, அதே நிறம். "பாய், இது நம்ம பல்லாவரம் மலைக் கல்லு மாதிரி இருக்கே" என்றேன்.

பெரிய பாய் முகம் சுண்டிவிட்டது. "பல்லாவரமா? பஸ்ல வந்துச்சா சார்?" என்றார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

கூடத்தில் பழைய குடும்பப் போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. அதில் ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் முன்சுவரின் உள்பக்கம், தலை உயரத்தில், சாண் நீளத்துக்குத் துருத்திக்கொண்டு ஒரு வரிசைக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தொப்பி தொங்குகிறது.

"இது இன்னா பாய்?"

"தொப்பிக்கல்லு. எங்க வூட்டு ஆம்பளைங்க வெளிய போய்ட்டு வந்தா தொப்பிய அதுலதான் மாட்டுவாங்க. அதுக்குன்னே வெச்சது."

"இப்போ காணோமே?"

"தலையில இடிச்சிகினே இருந்துச்சு. கல்யாணத்துக்கு ஷோகேஸ் வெச்சோம்ல, அப்போ எடுத்துட்டோம். சுவரு தடியா வேஸ்ட்டா தானே கீது."

என் நோட்டில் 'தொப்பி மாட்டும் கல், அலங்காரம்' என்று எழுதிக்கொண்டேன். இதை நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் மனிதர்களுக்கு எதற்குப் பயன்பட்டது என்று அவர் சொன்னார். சுவருக்கு எதற்குப் பயன்பட்டது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியது என் வேலை. ஒரு அழகான வார்த்தை கிடைத்த சந்தோஷத்தில் நோட்டை மூடிவிட்டேன்.

வாசற்கதவுக்கு மேலிருந்து மாடி ஜன்னல்வரை முன்சுவரில் ஒரு விரிசல் ஓடியது. பார்த்துச் சொல்லுங்க சார் என்று பெரிய பாயே கேட்டார். வழக்கம்போல விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டைகள் மூன்றை ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் பூச்சைக் கொத்தி, உள்ளே இருக்கும் கல்லின்மேல் அதை ஒட்ட வேண்டும். உளியை எடுத்ததும் பெரிய பாய் பதறினார். "சார், சார், பெயிண்ட் அடிச்சு ரெண்டு வருஷம் தான் ஆச்சு. அப்பிடியே ஒட்டுங்களேன்." என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வீடு. போகும்போதெல்லாம் சுலைமானி டீ கொடுக்கும் மனிதர். நான் உளியைப் பைக்குள் போட்டேன். பூச்சின் மேலேயே ஒட்டினேன்.

மூன்று வாரம் மூன்று பட்டையும் முழுசாக இருந்தன. பயமில்லை பாய் என்றேன். என் மகளையும் அந்தச் சுவர் வழியாகவே தினமும் உள்ளே அனுப்பினேன்.

வாசற்படி ஒன்று உடைந்திருந்ததால், மாற்றுவதற்கு வியாசர்பாடியிலிருந்து ஒரு கல் கொத்துபவரைக் கூட்டிவந்தேன். என்னோடு இருபது வருஷம் பல இடங்களில் வேலை செய்தவர். எழுத்தில் பெயர் போட்டால் திட்டுவார், அதனால் போடவில்லை. மாலை ஐந்து மணி தாண்டியிருக்கும். உள்ளே டியூஷன் நடந்துகொண்டிருந்தது. பதினெட்டுப் பிள்ளைகள். வாசலில் பதினெட்டு ஜோடிச் செருப்பு. பெரிய பாயும் நானும் எதிரே டீக்கடையில் நின்றோம். கல் கொத்துபவர் படியைப் பார்க்காமல், சாலையின் இந்தப் பக்கம் வந்து நின்று தலையைச் சாய்த்துச் சுவரையே பார்த்தார்.

"சார், சுவரு வயிறு தள்ளிகீது."

நானும் பார்த்தேன். வரைந்த கோடுகள் நேராக இருந்ததால் சுவரும் நேராகவே தெரிந்தது. "கண்ணாடி உடையல" என்றேன்.

அவர் கயிற்றுக் கடை ஏணியை எடுத்துச் சாத்தி ஏறினார். சுத்தியல் காம்பால் பூச்சைத் தட்டினார். தகர டின்னைத் தட்டுவதுபோலச் சத்தம் வந்தது. பிறகு டீக்கடை விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியைக் கேட்டு வாங்கி, ஜன்னல் ஓரத்தில் பூச்சுக்கும் கல்லுக்கும் இடையே செருகினார். குச்சி முழுக்க உள்ளே போய்விட்டது.

"நீ கண்ணாடிய பூச்சுல ஒட்டிகீற சார். பூச்சு தனியா நிக்குது, கல்லு தனியா நகருது. பூச்சு ஆடல, கண்ணாடியும் ஆடல." கீழே இறங்கி வந்தார். "உள்பக்கம் துருத்திகினு ஒரு வரிசை கல்லு இருக்கணுமே, கீதா?"

"தொப்பிக்கல்லா? அத அறுத்து எடுத்துட்டோம்" என்றார் பெரிய பாய்.

"எவ்ளோ ஆழம்?"

"ஒரு முழம் இருக்கும். ஷோகேஸுக்கு."

"இன்னா பாய் பண்ணிக்கீறீங்க! அது தொப்பி மாட்ற கல்லு இல்ல பாய்." அவர் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராகக் காட்டினார். "இது வெளிச்சுவரு, இது உள்சுவரு. நடுவுல சும்மா ஜல்லியும் சுண்ணாம்பும் தான். ரெண்டையும் புடிச்சிகினு நின்னது அந்தக் கல்லு தான். மிச்சம் வந்த முனையில உங்க வூட்டாளுங்க தொப்பி மாட்டிகினாங்க."

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அந்த நொடியிலும் ஒரு பரவசம் வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எவ்வளவு அருமையான கட்டுமானம்! குறுக்குக் கற்கள் போனபின், சிமெண்ட் பூச்சு உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்துச் சுண்ணாம்பை மாவாக்கியிருக்கிறது. டிரெய்லர்கள் அந்த மாவை இரவும் பகலும் சலித்துக்கொண்டிருக்கின்றன. வெளிச்சுவர் எதையும் பிடிக்காமல் வாசலுக்கு மேலே நிற்கிறது.

அப்போது விரிசலின் அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ வடிந்தது. சுண்ணாம்புத் தூள். மெல்லிய நூல்போல விழுந்துகொண்டே இருந்தது. நிற்கவில்லை.

"நான் எறங்கிட்டேன் சார். இனிமே ஏற மாட்டேன்" என்றார் கல் கொத்துபவர்.

இனி நான் சொல்லப்போவது என் அலுவலகக் குறிப்பில் இல்லாதது. அந்த வீட்டுக்குள் பதினெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் போனை எடுத்து என் பெண்ணுக்கு அடித்தேன். வேறு யாரையும் நினைக்கவில்லை. வெளியே ஓடி வா என்று சொல்லத்தான் அடித்தேன். எந்த வழியாக ஓடி வருவாள்? பிள்ளைகள் எந்த வாசல் வழியாக உள்ளே போனார்களோ அந்த வாசல் வழியாகத்தானே வருவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. டியூஷனில் எல்லார் போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிடுவது நஸீமா மிஸ்ஸின் வழக்கம்.

ஆனால் அந்தக் கூடையில் என் பெயர் ஒளிர்ந்ததை மிஸ் பார்த்துவிட்டார். "உங்க அப்பா தான். வாசல்ல நிக்கிறாரு போல, போய்ப் பாரு" என்று அனுப்பியிருக்கிறார்.

முன்கதவு திறந்தது. படியில் என் மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால் எட்டிப்பார்த்துக்கொண்டு நான்கைந்து தோழிகள். சுண்ணாம்புத் தூள் அவள் பின்னலில் விழுந்தது. அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.

"இன்னா நைனா? அதுக்குள்ள வந்துட்ட?"

இரண்டு பாய்ச்சல் பாய்ந்தால் சாலைக்கு வந்துவிடுவாள். எனக்குத் தெரியும். வா என்று கையை நீட்டினால் போதும். ஆனால் அவள் ஓடினால் பின்னால் நிற்பவர்கள் ஓடுவார்கள். அவர்கள் ஓடினால் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு வாசலில் நெருக்கி, செருப்பைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். மேலே அந்தச் சுவர். இதையெல்லாம் நான் நிதானமாக யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். கண் முன்னால் படம்போல வந்தது. கையை நீட்டியபடியே நின்றேன். பிறகு அந்தக் கையை மடக்கிக்கொண்டேன்.

"சங்கவி, உள்ள போ. கதவ சாத்து."

"இன்னாது?"

"கதவ சாத்திட்டு எல்லாரையும் கூட்டிகினு பின்முற்றத்துக்கு போ. செருப்ப தொடாத. நடந்து போ, ஓடாத."

"வெளயாட்றியா நைனா?" தோழிகள் சிரித்தார்கள். "செக்யூரிட்டி ஆர்டர் போட்றாருடி!"

"போ."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடி. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். என் பெண்ணை அந்தக் கதவு மூடியது. இந்த இடத்தில்தான் எனக்குக் கை வியர்க்கிறது என்று முதலிலேயே சொன்னேன்.

நஸீமா மிஸ்ஸுக்கு அடித்தேன். "மிஸ், பின்முற்றம். எல்லாரும். முன்பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது. காரணம் அப்புறம் சொல்றேன்." அவர் ஏன் என்று கேட்கவில்லை. "பசங்களா, புக்க மூடுங்க. எல்லாரும் பின்னாடி போய் வரிசையா உக்காருங்க. சர்ப்ரைஸ் டெஸ்ட்" என்று சொன்னது போனிலேயே கேட்டது. கூடவே பதினெட்டுக் குரல்களின் முனகலும். அதைப்போல இனிமையான முனகலை நான் இதுவரை கேட்டதில்லை.

பின்சந்துக் கதவை அடைத்துக்கொண்டு பெரிய பாயின் கயிற்றுக் கட்டுகள் ஆளுயரம் கிடந்தன. நானும் அவரும் சுற்றிக்கொண்டு ஓடினோம். கல் கொத்துபவர் மட்டும் சாலையிலேயே நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்தபோது, தோளிலிருந்த சிவப்புத் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு கண்டெய்னர் டிரெய்லருக்கு முன்னால் நட்டநடுவில் நின்றார்.

"யோவ், ரோடு உங்க அப்பன் வூடா?" என்று டிரைவர் கத்தினார்.

"எங்க அப்பன் வூடு இல்ல மாமு, இவங்க அப்பன் வூடு. வுழப்போவுது. இஞ்சின ஆஃப் பண்ணு."

சந்தில் கயிற்றுக் கட்டுகளை இழுத்துப் போட்டோம். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம். பெரிய பாய்க்கு அறுபத்தைந்து வயது. "அல்லா, அல்லா" என்று சொல்லிக்கொண்டே இளைஞனைப்போல இழுத்தார். கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வெறுங்காலோடு வெளியே வந்தார்கள். "மிஸ், டெஸ்ட் ரோட்லயா?" என்று ஒரு பையன் கேட்டான். வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பிள்ளைகளை மட்டும் எண்ணினேன். பதினேழு.

பதினேழு.

நஸீமா மிஸ் தன் கைக்குழந்தையோடு வந்தார். அவருக்குப் பின்னால், போன் கூடையைச் சுமந்துகொண்டு, கடைசியாகச் சங்கவி வந்தாள். "நீ தானே எல்லாரையும் கூட்டிகினு போன்னு சொன்ன" என்றாள்.

அப்போதுதான் முன்பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. இடிபோல இருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல நீளமாக, நிதானமாக இருந்தது. பிறகு காற்றில் சுண்ணாம்பு வாசனை.

ஓடிப்போய்ப் பார்த்தோம். வாசலுக்கு மேலிருந்த வெளிச்சுவர் மட்டும் உரிந்து படியின்மேல் குவிந்திருந்தது. செருப்புகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. உள்சுவர் நின்றது. தேக்கு உத்திரங்கள் அதன்மேல் அசையாமல் இருந்தன. அந்த வீட்டைக் கட்டியவர் உள்சுவரை மட்டும் நம்பி உத்திரத்தை வைத்திருந்தார். இல்லாவிட்டால் கூடமும் போயிருக்கும். பின்முற்றம் என்று நான் சொன்னபோது எனக்கு அது தெரியாது.

சாலையில் கூட்டம் கூடிவிட்டது. என் கண் அந்த வெட்டுப்பக்கத்தையே பார்த்தது. பாடப்புத்தகத்தில் வரைந்ததுபோல முழுச் சுவரும் திறந்து கிடந்தது! சுண்ணாம்புக்குள் உடையாத கிளிஞ்சல்கள். அறுபட்ட தொப்பிக்கற்களின் மிச்சம், வரிசையாக, மூளியாக. நடுவில் நிரப்பியிருந்த ஜல்லியைப் பார்த்ததும் நான் குனிந்து ஒன்றை எடுத்தேன். உருண்டையாக, வழவழப்பாக, தேன் நிறத்தில் இருந்தது. பல்லாவரத்துக் கல் இப்படி இருக்காது. நம் கடற்கரையிலும் இப்படி ஒரு கல்லை நான் கண்டதில்லை. எந்தத் தேசத்து ஆற்றிலோ உருண்ட கல்.

அதைப் பெரிய பாய் கையில் கொடுத்தேன். இடிந்த வீட்டு முன்னால், தாடியெல்லாம் சுண்ணாம்போடு நின்ற மனிதர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பஸ்ல வந்துச்சா சார்?" என்றார். பிறகு உட்கார்ந்து அழுதார்.

அந்தச் சுவரை மறுபடி எழுப்பியதுதான் நான் கடைசியாகச் செய்த வேலை. அதே கற்கள், அதே கிளிஞ்சல் சுண்ணாம்பு, முழு நீளக் குறுக்குக் கற்கள். சிமெண்ட் ஒரு கரண்டி கிடையாது. நீங்கள் அவசியம் போய்ப் பாருங்கள். அங்கே போனாலும் வேறு எங்கே போனாலும், சுவரைப் பார்க்கும் முன் எத்தனை வாசல் என்று பாருங்கள். ஆபத்து என்ற சொல்லைச் சொல்வதற்கு முன் எந்த வாசல் என்று சொல்லுங்கள். வீட்டுக்காரர் மனம் கோணினாலும் பூச்சைக் கொத்துங்கள். என் சமயோசிதத்தால் பதினெட்டுப் பேர் பிழைத்தார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால், முதல் போன் யாருக்குப் போனது என்று நான் இங்கே எழுதியிருப்பதைக் காட்டுங்கள்.

சங்கவி பல நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு காலையில் அவளை பைக்கில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றிருந்தேன். சரக்கு ரயில் ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"நைனா, அன்னிக்கு நான் ரெண்டு எட்டு வெச்சிருந்தா ரோட்டுக்கு வந்திருப்பேன்ல?"

"வந்திருப்ப."

"உள்ள போனா ஒண்ணும் ஆகாதுன்னு உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். என் முகம் அவளுக்குத் தெரியாது. "தெரியாது" என்றேன்.

"தெரியாமயா அனுப்புன?"

"ஆமா. உனக்கு போன் பண்ணி வாசலுக்கு வரவெச்சதும் நான் தான்."

ரயில் போய்க்கொண்டே இருந்தது.

"உன் குரல் தெரிஞ்சவன் குரல் மாதிரி இருந்துச்சு நைனா" என்றாள். "அதான் போனேன்."